டர்பன் கார்டின் பின்பக்கம்

கப்பலூர்னு பேர் வச்சிருக்காங்களே, கப்பல் எங்கப்பா? முதல் வருஷம் ஹாஸ்டலுக்கு வந்த எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி இது. கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். டோல்கேட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிகள்தான் நமக்குத் தெரிஞ்ச கப்பல். ஆனாலும் இந்த இதழுக்கு நான் எழுத எடுத்துக்கொண்டது கப்பல் ஏறிப் போன ஒரு சமாச்சாரம்தான். நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய தென்னாப்பிரிக்கத் தபால் கார்டுகள். அதில் நமக்கு என்ன இருக்கு என்று கேட்பீர்கள். நிறைய இருக்கு. சொல்றேன்.

பழைய தபால் கார்டு விற்கிற இணையதளம் எதிலாவது போய் 'டர்பன்', 'நெட்டால்' என்று தேடிப் பாருங்கள். கடற்கரை, நகர மண்டபம், கொம்பு வச்ச தலையணியோடு ரிக்‌ஷா இழுக்கும் ஜூலு ஆண்கள். இந்த வரிசையில் திடீரென்று நம்ம ஊர் முகம் ஒன்று வரும். சேலை கட்டிய பெண், மூக்கில் மூக்குத்தி, கையில் காப்பு. இல்லையென்றால் காய்கறிக் கூடை சுமந்து நிற்கும் ஒரு ஆள். அடியில் ஆங்கிலத்தில் 'கூலி வுமன், நெட்டால்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. பேர் இருக்காது. ஊர் இருக்காது. 'கூலி' நம்ம தமிழ்ச் சொல்தான். அங்கே போனதும் அது சம்பளத்தைக் குறிக்காமல் ஆளையே குறிக்க ஆரம்பித்துவிட்டது. ராமசாமி, முனுசாமி என்று பேர்கள் 'சாமி'யில் முடிந்ததால் வெள்ளைக்காரர்கள் இந்திய ஆண்கள் எல்லாரையும் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மரியாதைக்கு இல்லை, இளப்பத்துக்கு.

கார்டைத் திருப்பினால் பின்பக்கம் ஆங்கிலக் கையெழுத்து. இங்கிலாந்தில் இருக்கும் அத்தைக்கோ, ஸ்காட்லாந்தில் இருக்கும் தம்பிக்கோ யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நாலு வரி. படத்தில் இருப்பவர் நம்ம ஆள், எழுதியவர் வேற ஆள். அந்தப் படத்தில் இருக்கிற அம்மா ஊருக்கு ஏதாவது எழுதினாரா? எழுதியிருந்தால் எவ்வளவு செலவு, எத்தனை நாள், யார் படிச்சுக் காட்டியிருப்பார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் தபால் சரித்திரத்துக்குள் போனேன்.

முதலில் கார்டு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உலகத்தின் முதல் அரசுத் தபால் கார்டு 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளிவந்தது. யோசனை சொன்னவர் எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர். நாலு வரி சொல்ல எதுக்கு உறை, எதுக்கு மடிப்பு, எதுக்கு மெழுகு முத்திரை என்பதுதான் அவர் கேள்வி. சரியாக ஒரு வருஷம் கழித்து பிரிட்டன். இந்தியாவுக்கு 1879 ஜூலை 1-இல் வந்தது. உள்நாட்டுக் கார்டு கால் அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அப்போ ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. வெளிநாட்டுக்கு ஒன்றரை அணா. தாத்தா பாட்டி காலம்வரை 'கார்டு போடு' என்கிற பேச்சு நம்ம வீட்டில் இருந்ததே, அதன் தொடக்கம் அந்தக் கால் அணா.

வெளிநாட்டுக்கு ஒரே விலையில் கார்டு அனுப்ப முடிந்ததற்குப் பின்னால் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. முன்பெல்லாம் ஒரு கடிதம் மூன்று நாட்டைத் தாண்டிப் போனால் மூன்று நாடும் தனித்தனியாகக் கட்டணம் கேட்கும். நம்ம பழைய ரோமிங் சார்ஜ் மாதிரி. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஒரு தபால் ஒன்றியம் அமைத்தன. சேர்ந்த நாடுகளுக்குள் எங்கு அனுப்பினாலும் ஒரே மாதிரிக் கட்டணம். வசூலித்த நாடே காசை வைத்துக்கொள்ளும், ஏனென்றால் ஒரு கடிதம் போனால் பதில் ஒன்று எப்படியும் வரும், கணக்கு நேராகிவிடும். நெட்வொர்க் பாடத்தில் புரோட்டோகால் என்று படிக்கிறோமே, அதேதான், காகிதத்தில். இந்தியா 1876-இல் சேர்ந்தது. நெட்டால் 1892-இல்.

தென்னாப்பிரிக்கப் பக்கம் தபால் அதைவிட ரொம்பப் பழைய கதை. 1500-இல் பெட்ரோ டி அட்டைடே என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவர், இப்போது மொசல் பே என்று சொல்லும் இடத்தில் ஒதுங்கினார். தங்கள் கப்பற்படைக்கு நேர்ந்த கதியை எழுதி ஒரு பழைய சப்பாத்துக்குள் வைத்து மரத்தில் தொங்கவிட்டுப் போனார். அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போகும் வழியில் ஜோவா ட நோவா அதை எடுத்துப் படித்தார். அந்த மரம் இன்னும் நிற்கிறது, அதன் கீழே சப்பாத்து வடிவத்தில் ஒரு தபால் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். அதுக்கு அப்புறம் 1600-களில் கேப்டவுன் பக்கம் வந்த டச்சு, ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் கடிதங்களைக் கட்டி ஒரு பாறாங்கல்லின் அடியில் வைத்து, கல்லின் மேல் தங்கள் கப்பல் பேரையும் தேதியையும் செதுக்கிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் போகிற கப்பல் எடுத்துக்கொண்டு போகும். அந்தத் தபால் கற்கள் சில அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1853-இல் கேப் காலனி உலகத்தின் முதல் முக்கோணத் தபால்தலையை வெளியிட்டது. ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் கனவில் வருகிற சாமான் அது.

இனி நம்ம ஆட்கள்.

1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. ஐந்து வாரம். 342 பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம். 1911 வரைக்கும் இப்படிப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசினவர்கள். வட ஆற்காடு மாதிரி மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர். நம்ம மதுரைப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் இலங்கை, பர்மா, மலேயா என்று போனார்கள். அது இன்னொரு இதழுக்கு.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் ஆணுக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங், சாப்பாட்டுச் சாமான் தனி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். இப்போ கால்குலேட்டரை எடுங்க. 10 ஷில்லிங் என்றால் 120 பென்ஸ். மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் நாளுக்கு நாலரை பென்ஸுக்குக் கொஞ்சம் மேல். தபால் ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கடிதக் கட்டணம் இரண்டரை பென்ஸ். ஆக, ஒரு கடிதம் அனுப்ப அரை நாள் கரும்பு வெட்டினதுக்கும் மேலே போயிடும். கார்டு ஒரு பென்னி, கால் நாள் கூலிக்குக் கொஞ்சம் கம்மி. 1898 கிறிஸ்துமஸ் நாளிலிருந்து பிரிட்டிஷ் பேரரசுக்குள் சேர்ந்துகொண்ட நாடுகளுக்குக் கடிதமும் ஒரு பென்னிக்கு இறங்கியது. லண்டனில் அதைப் பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் காசு ஒரு தடைதான். மற்ற தடைகளைப் பாருங்க.

தோட்ட எல்லையைத் தாண்டிப் போக எஜமானோட சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் தண்டனை. முதலாளி மேலே புகார் சொல்ல டர்பனில் இருந்த 'இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர்' அலுவலகத்துக்கு நடந்து போனால்கூட, அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போன குற்றம் சேர்ந்துகொள்ளும். இந்த நிலைமையில் தபால் நிலையத்துக்கு யார் போவது?

அப்புறம் எழுத்து. போனவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி. இங்கே ஊரில் இருந்தவர்களிலும் அப்படித்தான். கடிதம் எழுத ஒருத்தர், படித்துக்காட்ட ஒருத்தர், நடுவில் முகவரி. அந்த முகவரிதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுது. கப்பலில் ஏறும்போது ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா காதில் என்ன விழுந்ததோ அதுதான் பேர். அங்கே போய் அது இன்னும் திரிந்தது. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது. முதலியார் 'மூட்லி' ஆனது. அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் இப்படியே. டெல்லிவரி ஆப்பில் ஒரு எண் தப்பாப் போட்டாலே பார்சல் பக்கத்துத் தெருவுக்குப் போகுது. இங்கே ஆள் பேரும் மாறி, ஊர்ப் பேரும் மாறி, எழுத்தும் மாறி ஒரு கடிதம் ஒரு பெருங்கடலைத் தாண்டி ஒரு கிராமத்தைத் தேடி வரணும்.

அதனால் ரொம்ப நாளைக்கு உண்மையான தபால், திரும்பி வந்த ஆட்கள்தான். இது உவமைக்காகச் சொல்லவில்லை. நெட்டாலில் பொருளாதாரம் படுத்ததால் 1866-இல் ஆள் எடுப்பது நின்றிருந்தது. 1871-இல் ஒப்பந்தம் முடிந்து மதராஸ் திரும்பியவர்கள் அடி, சம்பளப் பிடித்தம், ஏமாற்று என்று தங்களுக்கு நடந்ததை அதிகாரிகளிடம் நேரில் சொன்னார்கள். அதன் பிறகு, நிலைமையைச் சரிசெய்யாமல் ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு நின்றுகொண்டது. 1872-இல் நெட்டால் ஒரு விசாரணைக் கமிஷன் போட வேண்டி வந்தது. பாதுகாவலர் பதவியை ஏற்படுத்தின பிறகு, 1874-இல்தான் மறுபடி கப்பல் ஓடியது. பத்து வருஷத்துச் செய்தி பெரிய அளவில் ஊர் வந்து சேர்ந்தது கடிதத்தில் இல்லை, வாய்மொழியாக. அதுக்காக ஒரு அரசாங்கமே அசைந்தது என்பதையும் கவனிக்கணும்.

சரி, தோட்டத்தை விட்டு வெளியே வந்து, காசும் சேர்த்து, கடை வச்ச இந்தியர் ஒருவர் டர்பன் தபால் நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1890-களின் நடுவில் அங்கே வாசல் பிரச்சினை. ஐரோப்பியர்களுக்கு ஒரு வாசல், ஆப்பிரிக்கர்களுக்கும் ஆசியர்களுக்கும் சேர்த்து ஒரு வாசல். உள்ளே போனால் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவின் வசவு இலவசம். நெட்டால் இந்தியக் காங்கிரஸ் இதை எதிர்த்து மனு கொடுத்தது. என்ன ஆச்சு தெரியுமா? பாகுபாட்டை எடுக்கச் சொல்லி மனு, கிடைத்ததோ மூன்றாவதாக ஒரு வாசல்! ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் என மூன்று. இதை காந்தியே 1896-இல் எழுதின பிரசுரத்தில் சொல்கிறார். அந்தக் காலத்து இந்தியத் தலைவர்களுக்கு ஆப்பிரிக்கர்களோடு ஒரே வாசலில் நுழைவதும் ஒரு மனக்குறையாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. எனக்கு அது நெருடுகிறது. ஒரே விலையில் ஸ்டாம்ப், ஒரே பெட்டியில் கடிதம், ஆனால் நுழைய மூணு கதவு. 1948-க்குப் பிறகு இனவெறி ஆட்சி சட்டம் போட்டுச் செய்ததை அந்தத் தபால் நிலையம் ஐம்பது வருஷம் முன்னாடியே ஒத்திகை பார்த்துவிட்டது.

மேலே சொன்ன பிரசுரத்துக்கே ஒரு தபால் கதை இருக்கு. இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 1896-இல் இந்தியா வந்த காந்தி, தென்னாப்பிரிக்க இந்தியர் நிலைமை பற்றி ராஜ்கோட்டில் இருந்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பச்சை அட்டை போட்டிருந்ததால் 'பச்சைப் பிரசுரம்' என்று பேர் வந்தது. 10,000 பிரதி. அத்தனையையும் சுற்றி, முகவரி ஒட்டி, தபாலில் போட வேண்டும். ஆள் வைத்தால் செலவு. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் இல்லாத காலை நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்யச் சொன்னார். கூலி என்ன தெரியுமா? தான் சேர்த்து வைத்திருந்த, முத்திரை குத்திய பழைய ஸ்டாம்புகள்! தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த மனிதர் சேர்த்த ஸ்டாம்பு, அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வேலை சட்டென்று முடிந்துவிட்டதாம். அதே வருஷம் அக்டோபர் 26 அன்று சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது கூட்டம் அந்தப் புத்தகத்துக்கு முண்டியடித்தது. முதலாளி அடித்ததில் பல் உடைந்து காந்தியிடம் வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதைதான் சென்னையை அவ்வளவு உலுக்கியது. திருத்திய இரண்டாம் பதிப்பு இன்னொரு 10,000.

தபால் மெதுவாகப் போனது. தந்தி அதை முந்திக்கொண்டது. அந்த வித்தியாசம் காந்தி உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன் தந்தி எப்படி அங்கே போனது என்று ஒரு வரி. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானா என்ற இடத்தில் ஜூலு படை பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தது. அந்தச் செய்தி லண்டன் போய்ச் சேர பிப்ரவரி 11 ஆகிவிட்டது, ஏனென்றால் தெற்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடித் தந்திக் கம்பி இல்லை. அதே வருஷ முடிவுக்குள் ஏடன், சான்சிபார், மொசாம்பிக் வழியாக டர்பனுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள். தோல்விதான் சில நேரம் பட்ஜெட்டை சாங்ஷன் பண்ணும்!

பச்சைப் பிரசுரம் பற்றி அலகாபாத் பத்திரிகை ஒன்று எழுதியது. ராய்ட்டர் அதைச் சுருக்கி லண்டனுக்குத் தந்தி அடித்தது. லண்டனிலிருந்து சுருக்கத்தின் சுருக்கம் நெட்டாலுக்கு. அச்சில் மூன்று வரிக்கு மேல் இல்லை என்கிறார் காந்தி. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு, அதனால் விளக்கம், நிதானம், ஆதாரம் எல்லாம் வெட்டுப்பட்டு, மிச்சம் இருந்தது காரம் மட்டும். முழுப் புத்தகத்தைப் படிக்காத டர்பன் வெள்ளையர்கள் கொதித்தார்கள். நவம்பர் 30-இல் பம்பாயில் கிளம்பிய 'கூர்லாண்ட்' கப்பல் டிசம்பர் 18-இல் டர்பன் சேர்ந்தது. நோய்த் தடுப்பு என்று சொல்லி 1897 ஜனவரி 13 வரை யாரையும் இறங்க விடவில்லை. அன்று இறங்கி நடந்த காந்தியை ஒரு கும்பல் கல்லாலும் அழுகின முட்டையாலும் அடித்தது. போலீஸ் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் குடையை விரித்துக் குறுக்கே நின்றதால் தப்பினார். ஸ்கிரீன்ஷாட்டில் பாதியை வெட்டி ஃபார்வர்டு பண்ணினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1899-இல் போயர் யுத்தம். இங்கே எஞ்சினியரிங் பசங்களுக்காக ஒரு நிறுத்தம். மஃபெகிங் என்ற சின்ன ஊரை போயர் படை ஏழு மாதம் முற்றுகை போட்டது. உள்ளே ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது, அச்சகத்தில் ஸ்டாம்ப் அடிக்க வசதி இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், படத்தை வரைந்து போட்டோ எடுத்து, நெகட்டிவை ப்ளூபிரிண்ட் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டிவிட்டார்கள். நம்ம துறையில் வரைபடத்துக்கு 'ப்ளூபிரிண்ட்' என்று இன்னும் பேர் இருக்கே, அதே காகிதம், அதே வேதியியல். இரும்பு உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பூசிய காகிதத்தில் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் பிரஷ்யன் நீலமாகும், படாத இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். 1900 ஏப்ரலில் வந்த அந்த நீல ஸ்டாம்ப்களில் ஒரு பென்னி ஸ்டாம்பில் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். பேர் குட்இயர். முற்றுகைக்குள் தகவல் கொண்டுபோகப் பயன்பட்ட சிறுவர் படையின் சார்ஜண்ட் மேஜர். மூன்று பென்னி ஸ்டாம்பில் படைத்தலைவர் பேடன் பவல். ஆமாம், பின்னாளில் சாரணர் இயக்கம் தொடங்கியவரே.

யுத்தம் முடிவதற்குள் தபால் வழி தலைகீழாகவும் ஓடியது. பிடிபட்ட போயர் வீரர்களை வைக்க இடமில்லாமல் பிரிட்டிஷார் அவர்களைக் கடல் கடந்து அனுப்பினார்கள். சுமார் 5,000 பேர் இலங்கைக்கு, முக்கியமாக தியத்தலாவைக்கு. சுமார் 9,000 பேர் இந்தியாவுக்கு. இந்திய முகாம்களில் ஒன்று நம்ம திருச்சி. இன்னொன்று நீலகிரியில் கேத்தி. கப்பலூரில் பஸ் ஏறினால் மூணு மணி நேரத்தில் போகிற திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, தென்னாப்பிரிக்க விவசாயிகள் டச்சு கலந்த தங்கள் மொழியில் மனைவிக்குக் கடிதம் எழுதினார்கள். தணிக்கை அதிகாரி படித்து முத்திரை குத்தின பிறகு கடிதம் போகும். அந்த முத்திரை குத்திய உறைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், ஆல்பம் போடுகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. தென்னாப்பிரிக்காவிலிருந்து திருச்சிக்கு வந்த சிறைக்கைதியின் கடிதத்துக்கு முகவரி இருந்தது, எழுத்து இருந்தது, அதைப் பத்திரப்படுத்தும் குடும்பம் இருந்தது. மதராஸிலிருந்து டர்பனுக்குப் போன தொழிலாளி சிறையில் இல்லை, பேருக்கு ஒப்பந்தம் போட்ட சுதந்திர மனிதர். அவர் கடிதத்தை விட அவர் படம் போட்ட கார்டுதான் சுலபமாகக் கிடைக்கிறது.

நிலைமை மெல்ல மாறவும் செய்தது. 1903 ஜூன் 4 அன்று டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழியில் தொடங்கியது. அடுத்த வருஷம் அச்சகம் ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போனது. தமிழ்ப் பகுதியைச் சரியாக நடத்த முடியாமல் 1906-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 1908-இல் பி. எஸ். ஐயர் தமிழும் ஆங்கிலமுமாக 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' நடத்தத் தொடங்கினார். தனித்தனியாகக் கடிதம் எழுத முடியாதவர்களுக்கு ஒரு பத்திரிகை பொதுக் கடிதம் மாதிரி. ஒருத்தர் வாங்கினால் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கலாம்.

படக் கார்டுகளின் பொற்காலமும் இதே சமயம்தான். 1902-இல் பிரிட்டன் ஒரு சின்ன விதியை மாற்றியது. அதுவரை கார்டின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும், சேதியைப் படத்தின் ஓரத்தில் இடுக்கி எழுதணும். இனிமேல் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதி சேதி, வலது பாதி முகவரி. முன்பக்கம் முழுக்கப் படத்துக்குக் கிடைத்தது. உடனே உலகமே கார்டுப் பைத்தியம் ஆனது. இங்கே சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் மாதிரியான கடைகள் மதராஸ், பெங்களூர்ப் படங்களைப் போட்டு விற்றன. டர்பனிலும் அதேதான். பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சடித்து வரும். ஊருக்கு எழுதும் வெள்ளைக்காரருக்கு நான் எவ்வளவு தூரத்தில், எப்பேர்ப்பட்ட விநோதமான ஊரில் இருக்கேன் என்று காட்ட ஒரு படம் வேணும். அதுக்குத்தான் ஜூலு ரிக்‌ஷாக்காரர், அதுக்குத்தான் நம்ம சேலை கட்டின அம்மா. அவர் நிற்கிற நிலையைப் பார்த்தாலே தெரியும், நில் என்று சொல்லி நிற்க வைத்த நிலை. அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் நெட்டால் போட்ட 3 பவுண்டு வரியை, அதாவது முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதத்தை, அவர் வீடு எப்படிக் கட்டியது என்பதெல்லாம் கார்டில் வராது. அந்த வரியை ஒழிக்க 1913-இல் நடந்த போராட்டத்தில் சிறை போய், 1914 பிப்ரவரி 22-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மை, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பொண்ணு. 2008-இல் இந்தியத் தபால் துறை அவர் படத்தோடு ஸ்டாம்ப் வெளியிட்டது. கார்டில் பேரில்லாமல் நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தர், பேரோடு ஸ்டாம்புக்கு வந்தார்.

பேர் இல்லாதவர்களைத் தேட இப்போது ஒரு வழி இருக்கு. ஒப்பந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியல் அப்படியே இருக்கிறது. எண், பேர், அப்பா பேர், வயசு, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இதை டர்பனில் உள்ள குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகக் காப்பகம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. அங்கிருக்கும் நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு இங்கே கிராமம் தேடி வருகிறார்கள். திரிந்துபோன ஆங்கில எழுத்துக்களிலிருந்து உண்மையான ஊர்ப் பேரைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பாடு. ஒலி ஒற்றுமையை வைத்து ஊர்ப் பேரைப் பொருத்துவது கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட், யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பரண் மேலோ வெளிநாட்டுக் கார்டு, உறை ஏதாவது கிடைத்தால் காலத்தைக் கண்டுபிடிக்கச் சில குறிப்புகள். ஸ்டாம்பில் விக்டோரியா ராணி தலை இருந்தால் பெரும்பாலும் 1901-க்கு முந்தையது. தாடி வைத்த ஏழாம் எட்வர்டு என்றால் 1902-க்கு மேல். ஐந்தாம் ஜார்ஜ் 1910-லிருந்து 1936 வரை ராஜா. 'நெட்டால்', 'கேப்' என்று தனித்தனிப் பேர் இருந்தால் அந்த ஸ்டாம்ப் 1910 மே 31-க்கு முன் அச்சானது, அன்றுதான் நாலு காலனியும் ஒன்றாகி தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனது. பழைய ஸ்டாம்ப் அதுக்குப் பிறகும் செல்லுபடியானதால் ஸ்டாம்பை மட்டும் நம்பாமல் முத்திரைத் தேதியைப் பாருங்க. பின்பக்கம் நடுக்கோடு இல்லாத படக் கார்டு என்றால் 1902-ஐ ஒட்டியோ அதுக்கு முன்னாலோ இருக்கலாம். கிளம்பின ஊர் முத்திரையும் வந்து சேர்ந்த ஊர் முத்திரையும் இரண்டும் தெளிவாக இருந்தால் பயண நாளைக் கழித்துப் பார்த்துவிடலாம், கடிதம் எத்தனை நாள் கடலில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து எடுத்துவிடாதீர்கள், உறையோடு இருந்தால்தான் முத்திரையும் முகவரியும் மிஞ்சும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். போனில் ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல், திருப்பிப் போட்டு இன்னொன்றும் எடுங்கள்.